தூக்குக்குண்டு பிடித்த அலமாரி

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்த பழைய டிரெய்லர் வண்டிதான் இனி எங்கள் வீடு. வேலை கிடைக்கிற ஊருக்கெல்லாம் அதிலேயே போய்விடலாம் என்றார் கொத்தனாரான என் வீட்டுக்காரர் மொய்னுதீன்.

முத்தியால்பேட்டையில் தெருவோரம் நிறுத்தி, கட்டடச் சுவருக்குப் பிடிப்பதுபோலவே கயிற்றில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு நேர் பிடித்து, உள்ளே அலமாரியும் கண்ணாடியும் அடித்தார். ஒரு பக்கச் சக்கரம் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கியிருந்ததை மனுஷர் கவனிக்கவே இல்லை. வண்டியைச் சமதரைக்கு இழுத்ததும் அலமாரி சாய்ந்து, டம்ளர்களெல்லாம் என் மடியில் வந்து விழுந்தன.

“வீடு கட்டுற ஆளாம்!” என்று கத்தினேன்.

இறங்கிப் போய், அன்று பள்ளத்தில் இறங்காமல் இருந்த மறுபக்கச் சக்கரத்தைச் செங்கல் மேல் ஏற்றினார். வண்டி சாய்ந்தது; அலமாரி நேராக நின்றது.

“போற ஊர்லல்லாம் செங்கல்லுக்கு எங்க போவீங்க?”

“செங்கல் இல்லாத ஊர்ல எனக்கு என்ன வேல, சுரையா?”