வியாழக்கிழமை டூட்டி

எங்கள் ஆஸ்பத்திரி கோடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு சரிவில் இருந்தது. இருபத்துநான்கு படுக்கைகள். எல்லாரும் காசநோய்க்காரர்கள். 1960-ஆம் வருஷக் கடைசியில், ஆறு மாதத்துக்குள் மூன்று நர்சுகள் வேலையை விட்டுப் போனார்கள். யாருக்கு எந்த நாள் லீவு, யாருக்கு எந்த நேரம் டூட்டி என்று தினமும் சண்டை. ஆஸ்பத்திரியை நடத்திய கமிட்டியின் செயலாளர் மதுரையில் இருந்தார்; எல்லாருக்கும் சரிசமமாக ஒரு டூட்டி சார்ட் போடும்படி, ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரான எனக்கு எழுதினார்.

போட்டேன். சிவப்பு மை, நீல மை, ஸ்கேல் வைத்த கோடு. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழே விதிகள் எழுதினேன். அனுமதி இல்லாமல் டூட்டியை மாற்றிக்கொள்ளக் கூடாது. மூன்று முறை வராமல் போனவரைப் பற்றிக் கமிட்டிக்கு எழுதவேண்டும்; கமிட்டி அவரை வேலையிலிருந்து எடுத்துவிடும். டிசம்பர் முதல் தேதி அதை வார்டு வாசலில் ஒட்டினேன்.

அந்த மாதமே சண்டை நின்றது. ஜனவரியில் வார்டில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. "சார்ட் வந்ததிலிருந்து சிப்பந்திகளிடையே ஒற்றுமை நிலவுகிறது" என்று கமிட்டிக்கு எழுதினேன். பாராட்டி ஒரு பதில் வந்தது. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில், காலை வேளையில் நானே வார்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். நர்ஸ் கண்மணிக்குப் புதன்கிழமை லீவு. வியாழக்கிழமையும் அவளைக் காணோம். அடுத்த வியாழனும் காணோம். மார்ச் ஒன்பதாம் தேதி, மூன்றாவது வியாழக்கிழமை, ரிஜிஸ்டரோடு போய் நின்றேன். நர்ஸ் அமீருன்னிசா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தாள்.

"கண்மணி சிஸ்டர் எங்கே?"

"என்ன சோலின்னு சொல்லுங்க சார், நான் செய்யுறேன்."

"சோலி ஒண்ணும் இல்லை. ஆள் வேணும்."

அவள் தெர்மாமீட்டரோடு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். நான் ரிஜிஸ்டரில் கண்மணியின் பெயருக்கு நேரே, வரவில்லை என்று மூன்றாவது குறியைப் போட்டேன். பகல் ஒரு மணிக்குள் கடிதத்தை எழுதி முடித்து, நானே கடைவீதித் தபாலாபீஸ்வரை ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பியதும் மருந்து கலக்கும் அறைக்குள் நுழைந்தேன். கம்பவுண்டர் சேனாதிபதி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தப் பேச்சையும் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டேதான் பேசுவார்.

"என்ன ரைட்டரே, மூச்சு வாங்குது? யாருக்குக் காயிதம்?"

"கமிட்டிக்கு. கண்மணி சிஸ்டரைப் பத்தி. மூணு வியாழக்கிழமை வரலை."

பாட்டில் நின்றது. "போஸ்ட்டும் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"அடப்பாவி மனுஷா! சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நீரு என்னைக்காவது வார்டுக்குள்ள வந்திருக்கீரா?"

"என் வேலை நேரம் அஞ்சோட முடியுது."

"அதான். அமீருன்னிசாவுக்கு இது நோன்பு மாசம். ஆறரைக்கு நோன்பு திறக்க வீட்டுக்குப் போகணும். கண்மணி இங்க இருக்கிற நாளெல்லாம் அந்த நேரத்துக்கு வந்து நிக்குது. பதிலுக்கு வியாழக்கிழமைய அமீருன்னிசா பாத்துக்கிடுது. வியாழக்கிழமை வார்டுல ஆளில்லாம கெடந்துச்சா, சொல்லும்?"

இல்லை. எல்லாப் படுக்கையிலும் சுர அட்டை எழுதியிருந்தது. அதையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

"புதன்கிழமை ஒரு நாள் லீவு இருக்கே கண்மணிக்கு?"

"அந்த ஒரு நாள வச்சு நாக்கு வழிக்கவா? புருஷன் பட்டாளத்துல. காசநோய் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ்ல குழந்தைய வைக்கக் கூடாது. ஒன்றரை வயசுப் பையன் பழனியில நாத்தனார்ட்ட வளருறான். வத்தலக்குண்டு, திண்டுக்கல்லுன்னு சுத்திப் போய்ச் சேர மத்தியானம் ஆயிரும். புது ஆளுன்னு நெனச்சு வீல்னு கத்துவான். பழகுறதுக்குள்ள திரும்புற பஸ்ஸு வந்துரும். அங்க தங்குனாத்தான் மறுநாள் காலையில மடிக்கு வருவான். இந்த வேலையும் போச்சுன்னா அந்தப் பிள்ளைக்குப் பால் யாரு வாங்குறது?"

"அப்போ எல்லாரும் இப்படி மாத்திக்கிறீங்களா?"

"நானுந்தான். சார்ட்டுல உள்ளபடி வந்து போற ஆளு இந்த ஆஸ்பத்திரியில நீரு ஒருத்தர்தான்."

மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பாராட்டு அப்போதுதான் எனக்குச் சுட்டது. சண்டையை நிறுத்தியது என் சார்ட் இல்லை. அதை மீறுவதற்காக எல்லாரும் ஒன்று சேர்ந்ததுதான் நிறுத்தியிருக்கிறது.

"ரெண்டரை மணிக்குத் தபால் பை கட்டிருவாங்க. வெரசா போம்!" என்றார் சேனாதிபதி.

இரண்டாவது முறை அந்த ஏற்றத்தில் ஓடினேன். தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார். போஸ்ட்மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அனுப்பினவர்தான் திரும்பக் கேக்கலாம். ஒரு விண்ணப்பம் எழுதுங்க. கவர்ல உள்ள விலாசத்தை அதுல அப்படியே எழுதணும். ரெண்டு எழுத்தும் ஒண்ணா இருக்கணும்."

எழுதினேன். அவர் கவரையும் காகிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

"இது அச்சடிச்ச மாதிரி இருக்கு. இது கோழி கிண்டின மாதிரி இருக்கு. நீங்கதான் எழுதினீங்களா?"

"கை நடுங்குதுங்க."

"உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறமா எழுதுங்க."

பை கட்ட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தேன். கையைத் தொடையில் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்திருந்துவிட்டு, கமிட்டிச் செயலாளரின் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவர் தலையாட்டினார். கவர் என் கைக்கு வந்தபோது, முதுகெல்லாம் வேர்த்திருப்பது தெரிந்தது. கோடைக்கானலில் அப்படி வேர்த்தது எனக்கு அன்றைக்குத்தான்.

நேரே எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் லீலாவின் அறைக்குப் போய்க் கவரை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டரம்மா அதைப் பிரிக்காமலே கேட்டார்.

"மூணு மாசமா ஸ்டாஃப் ஒற்றுமையா இருக்காங்கன்னு நீங்கதானே ரிப்போர்ட் எழுதினீங்க, கந்தவேல்?"

"ஆமாங்க."

"சார்ட்டாலயா?"

"இல்லைங்க. அதை மீறினதாலே."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்போ அதையே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். எனக்குத் தெரியாம மாத்திக்க வேண்டாம்னு மட்டும் எல்லார்ட்டயும் சொல்லணும். இனிமே சனிக்கிழமை டீக்கு எல்லாரும் உக்காந்து அவங்களே நாளைப் பிரிச்சுக்கட்டும். நீங்க ஃபேர் காப்பி எடுத்தா போதும்."

அன்று ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. வார்டு வாசலில் நின்றேன். அமீருன்னிசா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன சார், அஞ்சுக்கு மேல உங்களுக்கு இங்க டூட்டி இல்லையே? யார்ட்டயாவது மாத்திக்கிட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் கண்மணி பையோடு ஓடி வந்தாள். ஊரிலிருந்து வந்த பஸ்ஸின் தூசி இன்னும் தலையில் இருந்தது. என் கையிலிருந்த ரிஜிஸ்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்... நான்... இன்னைக்கு..."

"பையன் மடிக்கு வந்தானாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னையும் அமீருன்னிசாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லை. டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு. இனிமே புதன், வியாழன் ரெண்டும் உங்களுக்குத்தான். பதிலுக்கு நீங்க ரெண்டு பேரும் என்ன பேசி வச்சிருக்கீங்களோ, அதைச் சனிக்கிழமை சொன்னா எழுதிக்கிறேன்."

கண்மணி பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"காலையில வந்தான் சார். அப்புறம் இறங்கவே மாட்டேன்னுட்டான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நாத்தனார்தான் பிடுங்கி வாங்குனாங்க."

"அழுதானா?"

"இந்தத் தடவை நான் போறேன்னு அழுதான்" என்று சொல்லி, அழுதுகொண்டே சிரித்தாள்.

அமீருன்னிசா தெர்மாமீட்டரை அவள் கையில் திணித்தாள். "ஒம்பதாம் நம்பருக்கு நூத்தி ஒண்ணு. மத்தவங்க எல்லாம் நார்மல். கைகால் கழுவிட்டு வாடி."

"நீங்க கிளம்புங்கம்மா, நோன்பு திறக்க நேரமாகுது" என்றேன் நான்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினாள். நான் பேனாவை எடுத்து, வாசலில் ஒட்டியிருந்த சார்ட்டில் வியாழக்கிழமைக்கு நேரே கண்மணியின் பெயரை அடித்தேன். கையில் ஸ்கேல் இல்லாததால் கோடு கோணலாகத்தான் போனது.