பெரிய குளத்தில் தொங்கிய கயிறுகள்

தொண்ணூற்றேழாம் வருஷம் மாசி மாதம். உக்கடம் பெரிய குளத்துக் கரையேறிய தனபால், கொடியில் துணி காய்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். கிட்டே போனபிறகு பார்த்தால் அத்தனையும் மாட்டுக் கயிறு. தண்ணீருக்குள் மூங்கில் நட்டு, குறுக்கே கம்பி இழுத்து, நூற்றுக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். நுனிகள் தண்ணீரைத் தொட்டு ஆடின.

காங்கேயத்திலிருந்து அவர் வந்தது இதை வேடிக்கை பார்க்க அல்ல. மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. கொடுத்தால் தொழுவத்து லட்சுமியும் கூடவே போய்விடும். மயிலைப் பசுவை விற்றபோது அவரும் கயிற்றைக் கழற்றிக்கொண்டுதான் மாட்டை விட்டார். தொழுவத்து விட்டத்தில் கிடந்த அந்தக் கயிற்றை மகள் மோகனப்பிரியா எடுத்து வந்துவிட்டாள். கல்லூரிச் சிநேகிதி கயல்விழி ஏதோ கலைக்காட்சி வைக்கிறாளாம். அன்றிலிருந்து வீட்டிலிருக்கும் சினைமாடு தவிட்டுத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. "கவுறில்லாம ஊட்டுக்கு வந்தராதீங்க" என்று மனைவி பழனாத்தாள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"எதுக்கம்மணி இப்படிக் கட்டியுட்டிருக்கறீங்க?"

"பாக்கறதுக்குத்தானுங்கப்பா" என்றாள் மோகனப்பிரியா.

"கவுத்துல என்னத்தெப் பாக்கறது?"

"ஒரு வாரந்தானுங்க இருக்கும். அப்புறம் அவுத்துருவம்."

"ஒரு வாரத்துக்கு இத்தனெ பாடா! கலியாணப் பந்தலுக்குக்கூட இத்தனெ மூங்கில் நட மாட்டாங்க."

"உள்ளெ நடந்து பாருங்கப்பா. மாடில்லாத சந்தெ மாதிரி இருக்குமுங்க" என்றாள் கயல்விழி.

மாடில்லாத சந்தைக்கு எவன் போவான் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கயிறுகளுக்கு நடுவே போட்டிருந்த பலகைப் பாதையில் இறங்கினார். தன் கையால் முறுக்கிய கயிறு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம் என்றிருந்தார். நனைந்து நனைந்து எல்லாம் ஒரே கறுப்பாகிக் கிடந்தன. ஒன்று தன்னுடையது போலிருந்தது. பக்கத்தில் தொங்கியது அதைவிடத் தன்னுடையது போலிருந்தது. கடைசியில் முடிச்சைப் பார்த்து ஒன்றைப் பிடித்தார். அதே கயிற்றை இன்னொரு கையும் பிடித்தது.

"ஏனுங்க, அது நம்முளுதுங்க."

பிடித்தவர் மாசாணம். பொள்ளாச்சிப் பக்கம். தன் மகன் இந்தக் காட்சிக்குக் கொடுத்தனுப்பிய கயிற்றைத் தேடி அவரும் வந்திருந்தார்.

"உங்களுதுன்னு எதெ வெச்சுங்க சொல்றீங்க?" என்றார் தனபால்.

"முடிச்செ வெச்சுத்தானுங்க. நீங்க?"

"நானும் முடிச்செ வெச்சுத்தானுங்க."

இருவரும் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்களேன். எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றாள் கயல்விழி.

"நல்லாச் சொன்னெ போ கண்ணு! அடுத்தவன் தொழுவத்து லட்சுமியெக் கொண்டுபோயி என்ற ஊட்டுல கட்டறதா?" என்றார் தனபால்.

மாசாணம் சுட்டதுபோலக் கையை எடுத்தார். "அதுவுஞ் செரிதானுங்க. நீங்களே கொண்டுபோங்க."

"வேண்டாமுங்க, நீங்க வெச்சுக்கங்க."

"இல்லீங்க, எனக்கு இப்பச் சந்தேகமாப் போச்சுங்க."

இழுத்துப் பிடித்தவர்கள் இப்போது ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிவிட்டார்கள். கயிறு நடுவில் ஆடி நின்றது. மாசாணம் தலையைச் சொறிந்துகொண்டே அடுத்த வரிசைக்குப் போனார்.

"அம்மாகிட்ட என்னங்கப்பா சொல்லுவீங்க?" என்றாள் மோகனப்பிரியா.

"கவுறு எங்கியும் போகலெ, குளத்துல பத்தரமா இருக்குதுன்னு சொல்லிப்போடறேன்."

"அது நெசந்தானுங்களே."

நிஜம்தானா? கரையேறித் திரும்பிப் பார்த்தார். சற்றுமுன் பிடித்திருந்த கயிறு எதென்றே தெரியவில்லை. பஸ் சூலூர் தாண்டும்வரை, பழனாத்தாளிடம் சொல்லப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஒருதரம் சொன்னால் மெய்யாகப் பட்டது, மறுதரம் சொன்னால் பொய்யாகப் பட்டது.