தேவியின் ஆயிரத்து இருநூறு கலோரி

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு கைபேசி கேட்டது: "இன்று என்ன சாப்பிட்டீர்கள், தேவி?" தேவி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அது யாருடைய வீட்டில் நடந்தது என்பதை விட்டுவிடுவோம். கைபேசியை மாரீஸ்வரன் என்பவனிடம் கொடுத்துவிட்டேன். கதை எழுதுவதில் இது ஒரு வசதி.

2

முதல் தொடக்கம்: "போடிமெட்டில் பனி இறங்கியபோது, ஏலக்காய் மணம்

வேண்டாம். செடியில் இருக்கிற காய்க்கு அவ்வளவு மணம் கிடையாது.

இரண்டாவது: "மாரீஸ்வரன், முப்பத்தொரு வயது, பி.காம்., ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், அறுபத்தெட்டு கிலோவிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தான்." இது போதும்.

3

அவன் மனைவி தேவி ஆறு கிலோ குறைக்க நினைத்தாள். கைபேசியில் ஒரு செயலியை ஏற்றினாள். வயது இருபத்தேழு, உயரம் ஐந்தடி. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்றது அது. சாப்பிட்டதையெல்லாம் தொண்ணூற்றேழு நாள் விடாமல் அதில் எழுதினாள். மறுநாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமும் அது கேட்டது. ஒரு நாள் விட்டால், தொடர்ந்து எழுதிய நாள்களின் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். யாரோ கையில் திணித்த காப்பியை மாரீஸ்வரன் எழுதினான். அரை டம்ளர்.

பிறகு தினமும் தான் சாப்பிட்டதை எழுதினான். ஆயிரத்து இருநூறைத் தாண்டினால் எண் சிவப்பாகும். அவள் பெயரில் சிவப்பு விழக்கூடாதென்று சோற்றைக் குறைத்தான்.

[படித்தவன் இப்படிச் செய்வானா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. செய்தான்.]

4

தோட்டத்தில் மதியம் யாரும் தன் சோற்றை மட்டும் தின்பதில்லை. ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் வரும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கரண்டி அடுத்தவர் தூக்குவாளி மூடியில் வைப்பார்கள். மாரீஸ்வரன் மட்டும் தள்ளி உட்கார்ந்தான். அடுத்தவர் கரண்டியில் எத்தனை கலோரி என்று கணக்கில்லை.

"என்ன அப்பு, செடிக்கு மருந்து அளக்குற மாதிரி சோத்த அளக்குற?" என்றாள் சுப்புத்தாய். காய் எடுப்பவர்களில் மூத்தவள்.

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்குறாகளாம்த்தா. அதான் ஒடம்பக் கொறைக்கிறாரு," என்றாள் ஜெயபாக்கியம்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். (இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். சிரித்தான்தான்.)

5

மறுநாள் பதினொரு மணிக்குச் சரிவில் அவனுக்குக் கண் இருட்டியது. சுப்புத்தாய் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே பத்தடியில் பாறை.

சாப்பாட்டு நேரத்தில் கைபேசியைப் பிடுங்கினாள். "இதுல என்னதான் இருக்கு?"

முதல் முறையாகச் சொன்னான். ஜெயபாக்கியம் தலை குனிந்துகொண்டாள்.

"அவ இத்தினிக்காண்டு ஆளு. நீ மலையேறுறவன். அவ அளவத் தின்னா எப்பிடி நிப்ப? மாத்து அத."

"என் வயசு, உயரம்னு மாத்தினா அவ எழுதினது பூராம் அழிஞ்சுரும்த்தா."

"அப்பிடி என்னத்த எழுதிட்டா?"

படித்தான். "'அதிரசம் ஒண்ணு.' அதுக்குக் கீழ, 'பொய். ரெண்டு.'"

சுப்புத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்தா பாரு. நாளைக்கும் இப்பிடித்தான்னா மொதலாளிகிட்டச் சொல்லிருவேன். ஒம் பொணத்த என்னால தூக்க முடியாது."

(அவள் எழுதியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எடுத்தான். படம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாது.)

6

முடிவு ஒன்று: மாற்றிவிடுகிறான். செயலி இரண்டாயிரத்து இருநூறு தருகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு

எழுத வரவில்லை.

முடிவு இரண்டு: மாற்றவில்லை. பாறை. இது சுலபமாக வந்தது. எழுதி வைத்திருக்கிறேன். காட்டமாட்டேன்.

7

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். சுப்புத்தாய் சோறும் கருவாட்டுக் குழம்பும் கரண்டியில் ஏந்தி நிற்கிறாள். அவன் தூக்குவாளி மூடியின் மேல் கையை விரித்து மறைத்திருக்கிறான்.

"கைய எடு அப்பு."

எடுக்கவில்லை. அவளும் நகரவில்லை. குழம்பு அவன் விரல்மேல் சொட்டுகிறது.

நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் பேச்சை அவன் கேட்கமாட்டான். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் வெரசா. அவளுக்குக் கை வலிக்கும்.