முக்கால் மணி நேரக் கை

தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் கணவர் ஒரு கொய்யாப்பழத்தைத் தானே அறுத்துத் தின்றார். பாதியை எனக்குக் கொடுத்தார். விதை பல்லில் மாட்டிக்கொண்டதற்குப் பழக்காரியைத் திட்டினார். அவர் கத்தி பிடித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அவர் பெயர் கங்கப்பன்; கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். நடுக்குவாதம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போட்ட அரைமணியில் கை நிற்கும். அப்புறம் முக்கால் மணி நேரம் அது அவர் கை. பிறகு மறுபடி ஆடத் தொடங்கும். ஒயர் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பீசுக்கும் நேரம் குறித்துப் பழகியவள் நான். லீவு போட்டுவிட்டு சாரத்தின் கீழே கடிகாரத்தோடு நிற்பேன். "இன்னும் பத்து நிமிசம்" என்று கத்துவேன். பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை மட்டும் எடுப்பார். நீளமான கோடுகளை விட்டுவிட்டு, சின்னச் சின்னத் தீற்றலாகப் போடக் கற்றுக்கொண்டார். பன்னிரண்டடி முனீஸ்வரனை இரண்டு மாதத்தில் அப்படித்தான் முடித்தார். கண் மட்டும் பாக்கி.

"முன்னல்லாம் கை போன போக்குல போட்டேன். இப்பத்தாம்மே பாத்துப் போடறேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "கண்ணு நான் வெக்கலன்னா அது என் செலையில்ல."

பஸ்ஸில் கொய்யாப்பழம் தின்ற அன்றுதான் கண் திறப்பு, பத்தரைக்கு. பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தேன். சொன்ன நேரத்துக்குக் கை நின்றது. பிரஷ்ஷை எடுத்தவரைத் தர்மகர்த்தா குருமூர்த்தி தடுத்தார். சிலைக்குப் பணம் கொடுத்த பிளாட் வியாபாரி பெங்களூரிலிருந்து வரவேண்டும். அத்திப்பள்ளியில் நெரிசலாம்.

"அவரு வராம தொறக்க முடியாது பெயிண்டரே. செத்த உக்காரு."

"உக்காந்தா கை போயிடும்ங்க."

"எங்க போவும்? தோள்ல ஒட்டிக்கினுதான இருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு விரல்கள் ஆடத் தொடங்கின. பதினொன்றரைக்குக் கார் வந்தது.

"இன்னும் ரெண்டு குடு" என்றார்.

"ஏங்க, டாக்டரு என்னா சொன்னாரு? அதிகமானா ஒடம்பு முறுக்கிக்கும்னாரில்ல?"

"குடும்மே. இந்தக் கண்ணுக்கு மட்டும்."

கொடுத்தேன். மாலை, சால்வை, பேச்சு என்று அரைமணி போயிற்று. சாரத்தின் முதல் படியில் கால் வைத்தார். கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. தோள் சுழன்றது. இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் வளைந்து வளைந்து ஆடியது. பிரஷ் கீழே விழுந்தது.

"சாமி வந்துடிச்சிடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

பம்பை முழங்கியது. பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். "வந்திருக்கறது யாரு? வாயத் தொறந்து சொல்லுப்பா!" என்று குருமூர்த்தி கும்பிட்டபடி கேட்டார்.

"சாமியில்ல... மாத்திர..."

பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நீ சொல் என்பதுபோல. காலையில் அவர்கள் சிரித்த சிரிப்பு என் காதில் இருந்தது. நானும் மற்றவர்களைப்போலக் கை கூப்பினேன்.

அருள் வந்தவரைச் சாரத்தில் ஏற்றக்கூடாது என்றார்கள். போர்டு எழுதுகிற பாலாஜி மேலே ஏறி, இரண்டு நிமிடத்தில் கண்களை வைத்துவிட்டு இறங்கினான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார். அதன்பின் அமாவாசைதோறும் அந்த ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு எங்கள் வாசலில் நின்றார்கள். "பையனுக்குக் கம்பெனியில பெர்மனன்ட் ஆவுமா சாமி?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பிரஷ்ஷைத் தொடவில்லை. என் கையால் மாத்திரை வாங்கவில்லை. எட்டாம் மாதம், கஞ்சி புரையேறிச் செத்தார்.

போன ஆடியில் அங்கே போனேன். பூசாரி விபூதியை முதலில் எனக்குத்தான் கொடுத்தார். பூசிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். பாலாஜி கருவிழியை மேலே ஏற்றி வைத்திருக்கிறான். எந்தப் பக்கம் நின்றாலும் முனீஸ்வரன் நம்மைப் பார்ப்பதில்லை. ராகிக் கொல்லைக்கு அப்பாலுள்ள செல்போன் டவரைப் பார்க்கிறார். வருடாவருடம் புது வர்ணம் அடிக்கிறார்கள். கண்ணை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.