கோத்திக் இல்லாத பட்டியல்

அனந்தராமன் எழுதிய சொல்வரலாற்றுப் புத்தகத்தை மெய்ப்புப் பார்க்கும்போது அன்புக்கரசிக்கு ஓரிடம் உறுத்தியது.

'பெரனன்' என்ற ஆதி ஜெர்மானிய வினை. சுமத்தல் என்று பொருள். யாரும் எழுதிவைத்துக் கிடைக்காத சொல் என்பதால் அதன் முன்னால் நட்சத்திரக்குறி. அதன் வழிவந்த சொற்களை ஒப்பிட்டுத்தான் அதை ஊகித்திருக்கிறார்கள். பழைய ஆங்கிலம், பழைய சாக்சன், பழைய ஜெர்மன், பழைய நார்ஸ் எல்லாம் பட்டியலில் இருந்தன. இணையத்தில் எங்கு தேடினாலும் கூடவே வரும் கோத்திக் என்ற பழைய மொழியை மட்டும் காணோம்.

பட்டியலை இணையத்திலிருந்து திருடியவன் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றை உருவியிருப்பான் என்று நினைத்தாள்.

அவள் வேலைபார்க்கும் தி. நகர் பதிப்பகத்தின் முந்தைய புத்தகம் அப்படித்தான் மாட்டி, கடைகளிலிருந்து திரும்பி வந்தது. முதலாளி ஹனீஃபா சொல்லியிருந்தார்: "இதுவும் சுட்டதுன்னா உன் சீட்டு காலிம்மா. சொந்த உழைப்புனு நீதான் கையெழுத்து போடப் போற."

நூலாசிரியரின் மயிலாப்பூர் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"நம்ம பாரங்கூட இதுக்குத் தாயாதிதான், சம்ஸ்கிருதம் வழியா" என்று ஆரம்பித்த அனந்தராமனை அவள் விடவில்லை.

"கோத்திக் எங்க சார்?"

"அடையாத்துல ஒரு டிரஸ்ட் லைப்ரரி புஸ்தகத்துல பாத்து எழுதினது. கோத்திக் இருந்த தாளை எவனோ கிழிச்சுண்டு போயிட்டான். நான் பாக்கலை, எழுதலை."

"நெட்ல கீதே சார்."

"இருக்கும். அது அவா பாத்தது."

வசதியான பதில். கிழிந்த தாளை யார் போய்த் தேடப் போகிறார்கள்? அன்புக்கரசி ஆட்டோ பிடித்தாள்.

நூலகர் ஷீலா தடித்த புத்தகத்தை மேசையில் போட்டாள். "அந்த சாரைத் தவிர இத்த யாரு கேக்குறா? தாள் இல்லன்னு ஒரு மணி நேரம் திட்டிக்கினு இருந்தாரு, இன்னாமோ நான் கிழிச்ச மாதிரி."

அனந்தராமன் அடிக்குறிப்பில் குறித்திருந்த பக்கங்களில் மற்ற நான்கும் இருந்தன. நாற்பத்தெட்டுக்கு அடுத்து ஐம்பத்தொன்று.

அலுவலகம் திரும்பியதும் செல்போனைப் பார்த்துக் கோத்திக் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு அனந்தராமனை அழைத்தாள்.

"நானே சேத்துட்டேன் சார். பட்டியல் முழுசாயிடுச்சு."



"எந்தப் புஸ்தகத்துல பாத்தேள்?"

அவள் போனை வைத்தாள். தான் சேர்த்த வரியை அழித்தாள். பிறகு கையெழுத்திட்டாள்.