அரிசி தின்றவளின் கல்யாணம்

கல்யாணத்தன்று மழை பெய்தால் பெண் பச்சரிசி தின்றிருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். சட்டியோடு வழித்துத் தின்றாலும் பெய்யும் என்பார்கள், ஆனால் அது வெறும் தூறல். பச்சரிசிக்குத்தான் கொட்டும்.

லோகேஸ்வரியின் கல்யாணத்துக்குக் கொட்டவில்லை, ஊற்றியது. மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குள்ளேயே கணுக்கால் அளவு தண்ணீர். வாசல் பந்தல் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. யாரோ விட்ட செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கருவறைப் பக்கம் மிதந்து போயின. பெண்ணைப் பெற்ற நல்லசாமி மாமா, என் அக்கா புருஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி வாசலில் நட்டுக்கொண்டிருந்தார். மழையை நிறுத்த இங்கே மலாய்க்காரர்களும் நாமும் ஒன்றுபோல் செய்கிற வைத்தியம் அது. நட்ட குச்சி மிதந்து போகும். மாமா அடுத்ததைக் குத்துவார்.

"மாமா! அது சாம்பாருக்கு வெச்ச வெங்காயம். மழைக்கு ஊட்டிக்கிட்டு இருக்காதீங்க!"

"நீ சும்மா இரு லா, மயிலம்மா. இப்பதான் கொஞ்சம் கொறையுது."

குறைகிறதாம். கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னதே எனக்குப் பாதிதான் கேட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் லோகா அரிசி தின்கிறவள்தான். அக்கா போன பிறகு அவளை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? அரிசி டப்பாவை நான் எங்கே ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துப் போவாள். அன்று காலை கூறைப்புடவை கட்டிவிடும்போதுகூட வாய் அசைந்தது.

"வாயில என்னடி?"

"ஒண்ணுமில்ல சித்தி," என்றாள். நறுக்கென்று சத்தம் வந்தது.

இத்தனைக்கும் அவள் செய்கிற வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் வானிலை ஆராய்ச்சி. எங்காவது வெள்ளம் வந்தால், வெயில் கொளுத்தினால், அதில் உலகம் சூடானதற்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பார்கள். கம்ப்யூட்டரில் இரண்டு உலகம் செய்வார்களாம். ஒன்று இப்போது இருக்கிற உலகம். இன்னொன்று ஆலையும் காரும் இவ்வளவு புகை விடாமல் இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த உலகம். இரண்டிலும் மழை பெய்ய வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஊரில் பெய்கிற மழைக்கெல்லாம் காரணம் பார்க்கிற பெண், தன் கல்யாண மழைக்குத் தானே காரணமாக நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் சிரம்பானிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். தோட்டத்து நுழைவாயில் ஓடையில் பாலம் முழுகிவிட்டதால் பஸ் அங்கேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை அனுப்பினோம். ஐயோ, அவர்கள் வந்த கோலம்! பின்னால் கட்டிய இரும்புத் தொட்டியில் குலைகளுக்குப் பதில் பட்டுப்புடவைகள். நடுவில் மாப்பிள்ளை தர்மேந்திரன், தலைப்பாகையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட எல்லோருக்கும் கையாட்டினான். அவன் வீட்டைக் குளிராக்கும் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். வெயில் ஏற ஏற அவனுக்கு வேலை ஏறும். லோகா அதற்காக அவனைத் திட்டித் திட்டியே காதலித்தாள்.

அவன் அம்மா புஷ்பவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அரக்குப் பட்டில் செம்பனை எண்ணெய்க் கறை. இறங்கியவள் ஆலாத்தித் தட்டைக் கையால் தடுத்தாள்.

"ஒரு விஷயம் தெரியணும். பொண்ணு பச்சரிசி தின்னுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நல்லசாமி மாமா முந்திக்கொண்டார். அந்த மனுஷன் வாயில் ஒரு பொய் நிற்காது.

"சின்ன வயசுல ஏதோ ஒரு கை, சம்பந்தியம்மா." அதோடு நிறுத்தக் கூடாதா? "காலையில ஒரு கை."

"அப்ப இன்னிக்குத் தாலி ஏறாது," என்றாள் புஷ்பவள்ளி. "மழையோட வர்ற மருமக குடும்பத்துக்கு ஆகாது. வேற நாள் பாத்துக்குவோம்."

வேறு நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஊர் வாய் சும்மா இருக்காது. அடுத்த நாள் குறிப்பதற்குள் என் பெண் ராசியில்லாதவள் ஆகிவிடுவாள். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. கையிலிருந்த சாம்பார்க் கரண்டியோடு முன்னால் போனேன். தர்மேந்திரன் "அம்மா, விடுங்கம்மா, ஊரே முழுகியிருக்கு," என்று கெஞ்சினான். அவள் அசையவில்லை.

அப்போதுதான் லோகா மாலையும் கழுத்துமாக, புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, சளக் சளக்கென்று வந்து நின்றாள்.

"தின்னேன் அத்தை. நல்லாவே தின்னேன். ஆனா மழை அதனாலதான் வந்துச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு. என் வேலையே அதுதான்." கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கல்யாணம் ஆன பொம்பளைங்க எல்லாம் எந்திரிங்க! அரிசி தின்னவங்க இந்தப் பக்கம், தின்னாதவங்க அந்தப் பக்கம்!"

அடேயப்பா, அந்த அமளியை என்னவென்று சொல்ல! பட்டும் கொலுசுமாகத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏய் விமலா, அங்க எங்கடி போற? எங்கூடத்தானே தின்னே, பொய்க்காரி!" என்று கத்தினாள் திலகா.

"அது ஊற வெச்ச அரிசி, அது சேராது!"

"சேரும், சேரும்! வா இப்படி!"

மணமேடையிலிருந்து ஐயர், "முகூர்த்தம் போகுதும்மா!" என்று கூவினார். பிறகு அவரே, "நானும் தின்னிருக்கேன், எந்தப் பக்கம் வரணும்?" என்றார்.

"இப்ப, கல்யாணத்துல மழை பெஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க," என்றாள் லோகா.

இந்தப் பக்கமும் கைகள் ஏறின, அந்தப் பக்கமும் ஏறின. விமலாவின் சின்ன நாத்தனார் தின்னாதவள், அவளுக்கு இடியே விழுந்ததாம். அரிசியை மூட்டையோடு தின்ற திலகாவுக்கோ அடித்த வெயிலில் முகத்து மேக்கப் வழிந்து, மாப்பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லையாம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

"பாத்தீங்களா? தின்னாலும் பெய்யுது, தின்னாட்டியும் பெய்யுது. இத்தனை பேர வெச்சு ஆராய்ச்சின்னு சொன்னா எங்க பேராசிரியர் என்னைத் தொரத்திடுவாரு," என்றாள் லோகா. பிறகு திரும்பினாள். "அத்தை, நீங்க எந்தப் பக்கம்?"

புஷ்பவள்ளி நடுவில் தனியாக நின்றிருந்தாள். பிறகு மெதுவாகத் தண்ணீரில் நடந்து, தின்னாதவர்கள் பக்கம் போய் நின்றாள்.

"உங்க கல்யாணத்துல மழை?"

கையைத் தோள் அளவுக்குத்தான் தூக்கினாள்.

"கோலா பிலாவுல. பந்தலோட போயிடுச்சு." கையை இறக்கிக்கொண்டாள். "நான் ஒரு மணி அரிசி தின்னதில்ல. சத்தியமா தின்னதில்ல. எம் மாமியா நம்பவே இல்ல. ரப்பர் பால் மரம் பட்டுப்போனாலும் அரிசி தின்னவ வந்த நேரம்பாங்க. மூத்த புள்ள தங்காம போனப்பவும் அதையேதான் சொன்னாங்க. கண்ண மூடற வரைக்கும் சொன்னாங்க."

தர்மேந்திரன் அம்மாவை வாய் திறந்து பார்த்தபடி நின்றான். அவனிடமே இதைச் சொல்லியதில்லை போலிருக்கிறது. நான் கரண்டியைக் கீழே இறக்கினேன்.

லோகா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மழைக்கு நீங்க காரணம் இல்ல, அத்தை."

"கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றியா?"

"பாக்காமலே சொல்றேன். எதுக்குமே நீங்க காரணம் இல்ல."

புஷ்பவள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இந்த மழைக்கு யாருதான் காரணம்?"

"மழைக் காலம், மழை வரத்தான் செய்யும். ஆனா காத்து சூடாச்சுன்னா தண்ணிய நெறைய சுமக்கும். சுமந்ததை ஒரேயடியா கொட்டும். இன்னிக்குக் கொட்டினதுல அந்தச் சூட்டுக்கு எவ்வளவு பங்குன்னு இப்பவே சொன்னா அது பொய். திங்கக்கிழமை ஆபீஸ் போயித்தான் பாக்கணும்."

"திங்கக்கிழமையா?" புஷ்பவள்ளி இடுப்பில் கை வைத்தாள். "தாலி கட்டி மறுவீடு வர வேண்டிய பொண்ணு திங்கக்கிழமை ஆபீஸ் போகுமா? செவ்வாய்க்கிழமை போய் பாத்துக்கலாம் லா. ஐயரே, வேடிக்கை போதும், மேளத்த அடிக்கச் சொல்லுங்க!"

மேளக்காரர்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தார்கள். மாப்பிள்ளை தண்ணீரில் வழுக்கி, எழுந்து, நனைந்த கையோடு தாலி கட்டினான். நல்லசாமி மாமா அழுதுகொண்டே மிச்ச வெங்காயத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அட்சதைத் தட்டை நான்தான் ஏந்திப் பிடித்தேன். புஷ்பவள்ளி கை நிறைய மஞ்சள் அரிசி அள்ளினாள். பாதியைப் பிள்ளைகள் தலையில் தூவினாள். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நறுக் நறுக்கென்று மென்றாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பாக்கறீங்க, சம்பந்தியம்மா?" என்றாள். "காலம் பூரா திட்டு வாங்கியாச்சு. ருசியாவது பாக்க வேணாமா?"