எரிய வேண்டிய விளக்கு

...எரியவில்லை, சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒரு முறை மின்னி அணைந்தன, அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கும் நல்ல பிள்ளையாகக் கூடவே அணைந்துவிட்டது, இன்றைக்கென்று பார்த்து. மூன்று வாரமாகக் காலையில் கண்ணை மூடி, கடவுளே, இன்றைக்காவது இது எரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் சாவியைத் திருப்பினேன், அப்போதெல்லாம் எரிந்தது. இன்று எரியட்டும் என்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறது. கொடுத்த வரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறவனை மேலே இருப்பவர் என்ன நினைப்பார்? இவனுக்கு என்னதான் வேண்டுமாம்? எனக்கு வேண்டியது ஒன்றுதான், பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா அந்த ரயிலில் ஏறக் கூடாது. மாதக் கடைசி வரை இருப்பதாகச் சொல்லி வந்தவள். எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து பிரேக் அழுத்துகிறவள், இன்று வாடகைக் காரில் ஏறுவதுபோலப் பின்னால் ஏறிக்கொண்டாள். "தம்பி, ஸ்டேஷன் வாசல்லயே நிறுத்திடுங்க." தம்பியாம், நிறுத்திடுங்களாம்! நான் பிறந்ததிலிருந்து என்னை 'டா' போட்டே கூப்பிட்டவள். இந்தத் தம்பி நான் இல்லை, தெருவில் வழி கேட்கும்போது கூப்பிடுகிற யாரோ ஒரு தம்பி.

எல்லாம் நேற்று வந்த வினை. மெக்கானிக் முதலில் பிளக்கை மாற்றினார், விளக்கு எரிந்தது, சென்சாரை மாற்றினார், எரிந்தது. "மேடு ஏறுறப்ப மட்டும்தானே திக்குது, பெட்ரோல் போய்ச் சேரலடா, எங்கயோ அடைச்சிருக்கு, அத மொதல்ல பாக்கச் சொல்லு" என்று வந்த அன்றே சொன்னாள் அக்கா, ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாதவள். கடைசியில் அடைத்திருந்தது பெட்ரோல் ஃபில்டர்தான், மெக்கானிக் கவிழ்த்துக் காட்டினார், சேறு மாதிரிக் கறுப்பாகக் கொட்டியது. வீட்டுக்கு வந்து சொன்னது என் தப்பு. "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, கை கழுவும்போது என் மனைவியிடம் தனியாக ஒரு தடவை. அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது, "வீட்டுக்கு வந்தவங்க வந்தவங்களா இருக்கணும்." வந்தவங்க... யாரை? என் பள்ளிக்கூடச் சட்டைக்கெல்லாம் பட்டன் தைத்தவளையா? அவள் எழுந்து போய்ப் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள். மன்னிச்சிடுக்கா என்றால் முடிந்தது, நானும் ராத்திரியிலிருந்து முயற்சி செய்கிறேன், வார்த்தை தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது, அங்கேயும் ஏதோ ஃபில்டர் அடைத்திருக்கிறது.

இதோ மேம்பாலம், வழக்கமாக வண்டி மூச்சு வாங்கும் இடம், திக்கு, கொஞ்சம் திக்கேன்... ஏறிவிட்டது. இனிமே பூனை மாதிரி போகும் சார் என்றார் மெக்கானிக், பூனை மாதிரியேதான் போகிறது, பாழாய்ப்போன மனுஷன்... இல்லை, அப்படி நினைக்கக் கூடாது, நல்லவர், விரலில் கட்டோடு வேலை பார்த்தார், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும், ஆனால் இவ்வளவு நன்றாகவா பார்ப்பது? கியர் பக்கத்தில் என் தண்ணீர் பாட்டில், கழுத்து வரை நிரம்பியிருந்தது. நான் நிரப்பவில்லை. நாங்கள் கிளம்பும்போது என் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியானால்... கோபத்தோடு பெட்டி கட்டியவள் போகிற போக்கில் இதையும் செய்திருக்கிறாள். கண் கரித்தது. ஸ்டேஷன் மணிக்கூண்டு தெரிய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் என் வலது கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி எடுத்தது, அழுத்தி எடுத்தது, வண்டி விக்கல் வந்ததுபோலக் குலுங்கியது, பின்னால் வந்தவன் ஹாரனில் ஏசினான். இது பொய்யா? வாயால் சொன்னால்தானே பொய், காலால் சொன்னால்?

"என்னாச்சு தம்பி?"

"தெரியலக்கா, மறுபடியும் அடைச்சுக்கிச்சோ என்னமோ." சரி, இப்போது வாயாலும் சொல்லியாயிற்று.

பின்னால் பெட்டி நகர்ந்தது, இரண்டு சீட்டுக்கும் நடுவே அக்காவின் தலை வந்தது, புதுக் கண்ணாடி போட்ட தலை, எறும்பு ஊர்ந்தாலும் தெரியும் அதில். வெகு நேரம் பார்த்தாள்.

"வெளக்கு எரியுது பாருடா."

பார்த்தேன். எரியவில்லை.

"ஆமாக்கா."

"வண்டியத் திருப்பு. இத வச்சுக்கிட்டு நீ தனியா வீடு போய்ச் சேந்துடுவியா? ஓரமா நிறுத்து மொதல்ல, நான் முன்னாடி வரேன், பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுது."

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே இவள்தான். சாமி எங்கள் இரண்டு பேரில் யார் கண்ணை முதலில் குத்தும்? குத்தாது என்றுதான் தோன்றுகிறது, அவருக்கும் அக்கா தங்கை உண்டு. மன்னிச்சிடுக்கா என்றேன், சிக்னல் போடும் சத்தத்தோடு சேர்த்து, கேட்டதோ இல்லையோ, "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். மறுபடியும் மேம்பாலம். இப்போது திக்க வைக்க வேண்டுமா, வேண்டாமா... காலை அப்படியே வைத்திருந்தேன், வண்டி பூனையாக ஏறியது, அக்கா ஏன் என்று கேட்கவில்லை, பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். வெகு நேரம் பார்த்தாளே அப்போது, விளக்கைத்தானா, இல்லை, அதற்கும் கீழே இருந்த என் காலையா...